பழங்கடன் கேட்டு வந்தால்: ஆற்காட்டு நவாபும் ஸுபைர் (ரலி) அவர்களின் மகனாரும்

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் நம் பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். சில ஆண்டுகள் நம்மிடம் ஓதிவிட்டு, குடும்பச் சூழலால் தொழிற்பயிற்சிக்குச் சென்றவர். இப்போது சிங்கப்பெருமாள் கோவிலில் குடியிருந்துகொண்டு, ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறார். அவருடைய தந்தையார் 2021-இல் வஃபாத்தானவர், பழ வியாபாரி. அவர் 2003-இல் பழைய வேன் ஒன்று வாங்குவதற்காக ஒரு பைனான்ஸில் முப்பதாயிரம் ரூபாய் வாங்கியிருந்தாராம். இருபதாண்டுகளுக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. திடீரென்று ஒருநாள் தொலைபேசி வந்தது. அடுத்து ஆள் வந்தார். அசலும் வட்டியும் அபராதமுமாக இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் தர வேண்டும் என்றார்கள். தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தொகை ஏறக்குறைய அவ்வளவுதான்.

"ஹஜ்ரத், வக்கீல் ஒருவரைக் கேட்டேன். காலம் கடந்துவிட்டது, கோர்ட்டுக்குப் போனால் நிற்காது, பேசாமல் இருங்கள் என்கிறார். ஆனால் அத்தா கப்ரில் இருக்கிறார். நான் எப்படிப் பேசாமல் இருப்பது?"

கடனோடு இறந்தவரின் ஆன்மா அக்கடன் தீரும்வரை தடுக்கப்பட்டிருக்கும் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை நம்மிடம் ஓதியவர் அவர். எனவே வக்கீலின் பதில் அவருடைய கேள்விக்குப் பாதிப் பதிலாகவே இருந்தது. மீதிப் பதிலைத் தேடியபோது நம் நினைவுக்கு முதலில் வந்தது, அவர் குடியிருக்கும் அந்த மண்ணின் வரலாறே. பழங்கடன் கேட்டு வருவோரை எப்படி எதிர்கொள்ளக் கூடாது என்பதற்குச் செங்கற்பட்டுச் சீமையைக் காட்டிலும் தெளிவான சான்று இந்நாட்டில் அரிது. அவ்வரலாற்றையும், அதற்கு நேர்மாறான ஒரு ஸஹாபியின் இல்லத்து வரலாற்றையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்ச் செலவே முதற் கடன்

1749 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூர்ப் போர்க்களத்தில் கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபுறம், முகம்மது அலியும் ஆங்கிலக் கம்பெனியாரும் மறுபுறம் என நடந்த போர்களின் முடிவில், 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை முகம்மது அலியையே கர்நாடகத்தின் நவாபாக ஏற்றுக்கொண்டது. வாலாஜா என்னும் பட்டத்தால் வரலாறு அறியும் நவாப் இவரே.

வெற்றி கிடைத்தது, அதற்கான கணக்கும் உடன் வந்தது. தம் வணிக நலனுக்காகவும் பிரெஞ்சுப் பகைக்காகவும் நடத்திய போரின் செலவில் பெரும்பங்கைக் கம்பெனியார் நவாபின் பெயரில் எழுதினர். தீர்ந்ததாகக் கருதப்பட்ட கணக்குகளும் மீண்டும் உயிர்பெற்றன. 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபோது அங்கே பிடிபட்ட தளவாடங்கள் நவாபுக்குரியவை என முன்பே பேசப்பட்டிருந்தது. அவற்றைக் கம்பெனியின் அலுவலர்கள் தாமே எடுத்துக்கொண்டு, அதற்கீடாக ஒரு தொகையை நவாபின் கணக்கில் கழித்துக் கொள்வதாக ஒப்புக்கொண்டனர். ஆனால் இலண்டனில் இருந்த இயக்குநர்கள் அந்தக் கழிவை ஏற்காமல், அத்தொகையை மறுபடியும் அவர் பெயரிலேயே பற்றெழுதும்படி ஆணையிட்டனர். அடைந்ததாக நம்பிய கடன் மீண்டும் வாசலில் வந்து நின்றது.

அதே 1763-ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 1177) சென்னை கவர்னர் பிகட் வற்புறுத்தியதன் பேரில், செங்கற்பட்டு, காஞ்சிபுரம் உள்ளிட்ட சென்னையைச் சூழ்ந்த பகுதிகளை நவாப் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்தார். 1765-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். சிங்கப்பெருமாள் கோவிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் அவ்வாறு கைமாறிய மண்ணில் அடங்கியவையே. இதில் ஒரு விந்தையும் உண்டு. விட்டுக்கொடுத்த அந்த ஜாகீரை நவாபே கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து 1780 வரை நடத்தி வந்தார். தாம் கொடுத்த நிலத்துக்குத் தாமே குத்தகைப் பணம் கட்டும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

சேப்பாக்கத்தில் குவிந்த பத்திரங்கள்

ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கு வந்த நவாப், 1760-களில் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையில் குடியேறினார். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தவணை நாள் வரும்; கையில் ரொக்கம் இருக்காது. அப்போது கடன் கொடுக்க முன்வந்தவர்கள் வெளியார் அல்லர். அதே கம்பெனியின் அலுவலர்களே. தொடக்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதும் அதற்கு மேலும் வட்டி வாங்கினர். ஈடாக, இன்ன சீமையின் வரி இன்னாருக்கு என்று நவாப் தன்க்வா எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு துபாஷிகளும் அவர்களுடைய ஆட்களும் சிற்றூர்களுக்குச் சென்றனர். கதிர் முற்றும் முன்பே களத்து நெல்லின்மீது அவர்கள் கை விழுந்தது.

இக்கடன்கள் மூன்று தொகுதிகளாகத் திரண்டன. 1767-இல் பழைய கடன்களை ஒன்றாக்கி, நூற்றுக்குப் பத்து வட்டியில் எழுதப்பட்டது முதல் தொகுதி. அது 8,80,000 பவுண்டு. சம்பளம் நிலுவையில் இருந்த குதிரைப்படையைக் கலைப்பதற்கென 1777-இல் வாங்கியது இரண்டாவது. அது 1,60,000 பவுண்டு. அதே ஆண்டில் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது மூன்றாவது. அது 24,00,000 பவுண்டு. பின்னிரண்டுக்கும் வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. இவற்றில் நவாபின் கையில் உண்மையில் வந்து சேர்ந்த பணம் எவ்வளவு, வட்டிமேல் வட்டியாக ஏறியது எவ்வளவு, காரியம் முடித்துத் தருவதற்காக எழுதிக் கொடுத்த வெற்றுப் பத்திரம் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பால் பென்ஃபீல்டு என்பவரின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1764-இல் கம்பெனியின் கட்டடப் பணியாளராகச் சென்னைக்கு வந்தவர் இவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் இவரே என்று நம்பப்படுகிறது. 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் கைப்பற்றிய தஞ்சாவூரை 1776-இல் கவர்னர் பிகட் அதன் அரசர் துளஜாவுக்குத் திருப்பித் தந்தார். அப்போது, தஞ்சாவூரின் வருவாயும் விளைச்சலும் தமக்கு ஈடாக எழுதப்பட்டுள்ளன என்றும், தமக்கு 2,34,000 பவுண்டு வர வேண்டும் என்றும் பென்ஃபீல்டு எழுந்து நின்றார். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு ஊதியம் பெற்ற ஒருவரின் கோரிக்கை அது. கேள்வி கேட்ட கவர்னரையே அவருடைய ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினர் 1776 ஆகஸ்டு 24-ஆம் நாள் சிறைப்பிடித்தனர். 1777 மே மாதம் காவலிலேயே பிகட் மாண்டார். கணக்குக் கேட்டவருக்கு நேர்ந்த முடிவு இது.

விசாரிக்காமல் கொடு என்ற ஆணை

1784-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் நவாபின் கடன்களின் தோற்றத்தையும் நியாயத்தையும் ஆராய வேண்டும் என்று கூறியது. இயக்குநர்களும் அதற்கேற்ப ஒரு கடிதம் வரைந்தனர். ஆனால் ஹென்றி டண்டாஸ் முதன்மை வகித்த கட்டுப்பாட்டுக் கழகம் அக்கடிதத்தை மாற்றியது. மூன்று தொகுதிகளும் ஆராய்ச்சியின்றி ஏற்கப்பட்டன. ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, கர்நாடகத்தின் வருவாயிலிருந்து ஒதுக்கப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது.

1785 பிப்ரவரி 28-ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் இதனைக் கண்டித்து நீண்டதோர் உரை நிகழ்த்தினார். இக்கடன்களில் பெரும்பகுதி கம்பெனி அலுவலர்களின் கையூட்டும் கொள்ளையும் கடன் என்ற பெயரில் வந்தவை என்பதும், அதை அடைக்கப் போகிறவர் நவாப் அல்லர், கர்நாடகத்தின் உழவரே என்பதும் அவர் வாதத்தின் சாரம். தீர்மானம் தோற்றது. கடன் கொடுத்தோர் சிலர் அதே சபையில் உறுப்பினராக இருந்ததும், அவர்களுடைய செல்வாக்கு அமைச்சரவை வரை எட்டியதும் அக்காலத்தவர் அறிந்த செய்திகளே. பென்ஃபீல்டும் 1780 முதல் கிரிக்லேட் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர்தான்.

அந்த ஆணை பிறந்த காலத்தில் இந்தச் சீமை எப்படி இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1780-இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகத்துக்குள் இறங்கின. அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. இருதரப்புப் படைகளும் நடந்து கடந்த ஊர்களில் ஏரிகள் உடைந்தன, உழவர் ஊரைவிட்டு ஓடினர், பஞ்சம் சூழ்ந்தது. அந்தப் பஞ்சத்தின் ஈரம் காயும் முன்பே பன்னிரண்டு லட்சம் வராகனுக்கான ஆணை வந்தது.

இதே ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் நிலம், ஏரி, குடி, மானியம் ஆகியவற்றின் விவரங்கள் அதில் பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் எழுதி வைத்திருந்த கணக்குகள் அதற்குத் துணை நின்றன. களத்தில் விளைந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, பள்ளிவாசலுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, தச்சருக்கு எவ்வளவு என்று மரக்கால் கணக்கில் எழுதத் தெரிந்த சீமை இது. கடனை அடைத்த ஊர்களிடம் கணக்கு இருந்தது. கடன் கேட்ட சேப்பாக்கத்துப் பத்திரங்களுக்குத்தான் கணக்கு இல்லை.

விசாரித்தபோது தெரிந்தது

நவாப் முகம்மது அலி 1795 அக்டோபர் 13-ஆம் நாள் (ஹிஜ்ரி 1210) காலமானார். அவருடைய நல்லடக்கம் திருச்சி நத்தர்வலி தர்காவில் உள்ளது. மார்க்க அறிஞர்களைப் போற்றியவர் அவர். ஃபிரங்கி மஹல் மரபின் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்கள் சென்னைக்கு வந்து தங்கியது அவர் அழைப்பினால்தான். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. இத்தகையவர், வட்டி பற்றிய இறைவசனங்களை அறியாதவர் அல்லர். ஆயினும் அரியணையை இழந்துவிடுவோமோ என்ற அச்சம், அடுத்த தவணைக்கு அடுத்த பத்திரம் என்று அவரை இட்டுச் சென்றது. அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. நற்செயல்கள் பல புரிந்த ஒருவரும் கணக்கைக் கண்டு அஞ்சினால் எங்கே போய் நிற்பார் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடமாகும்.

அவருடைய மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் மறைந்ததும், திப்பு சுல்தானுடன் இரகசியக் கடிதத் தொடர்பு இருந்தது என்று குற்றஞ்சாட்டி, கம்பெனியார் கர்நாடக ஆட்சியை முழுமையாக எடுத்துக்கொண்டனர். அஸீமுத்தௌலா நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு பெறும் பெயரளவு நவாபானார். ஆட்சி கம்பெனிக்கு வந்தது. எனவே அரண்மனைக் கடனையும் இனிக் கம்பெனியின் கைக்கு வரும் வருவாயிலிருந்தே கொடுக்க வேண்டும். இந்த நிலை வந்தபோதுதான் அவர்களுக்கு விசாரணையின் அருமை புரிந்தது.

1805-இல் கடன் கொடுத்தோருடன் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆண்டுக்கு 3,40,000 வராகன் ஒதுக்கி, ஒவ்வொரு கோரிக்கையையும் ஆராய்வதற்காக இலண்டனிலும் சென்னையிலும் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். பெட்டிகளிலிருந்து பத்திரங்கள் வெளியே வந்தன. வந்து குவிந்த கோரிக்கைகளின் மொத்தம் மூன்று கோடி பவுண்டைத் தாண்டியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த விசாரணையின் முடிவில் உண்மைக் கடன் என்று ஏற்கப்பட்டது முப்பது லட்சம் பவுண்டுக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பொய்ப் பத்திரம் புனைந்தது பற்றிய வழக்குகளும் இடையே எழுந்தன.

இங்கு இரண்டு உண்மைகளைக் காண்கிறோம். உழவரின் பணத்தில் கொடுக்கும்போது 1785-இல் விசாரணை தேவைப்படவில்லை. தம் பணத்தில் கொடுக்கும்போது 1805-இல் தேவைப்பட்டது. இது முதல் உண்மை. இரண்டாவது உண்மை, கோரிக்கைகளில் ஒரு சிறு பங்கு மெய்யாகவே இருந்தது என்பதாகும். வணிகர்களும் ஊழியர்களும் தமக்கு உண்மையாகவே வர வேண்டியதற்காகப் பொய்யர்களின் வரிசையில் நின்று பல்லாண்டு காத்திருந்தனர். தீர்ப்பு வருவதற்குள் பலர் இறந்தும் போயினர். எல்லாவற்றையும் கொடு என்பது அநீதியானால், எல்லாமே பொய் என்று கதவடைப்பதும் அநீதியே. ஆராய்தல் ஒன்றே நேரிய வழி.

ஆராயப்படாத கடன் ஆட்சியையே விழுங்கியது ஆற்காட்டில் மட்டும் நடந்ததன்று. எகிப்தில் 1876-இல் ஐரோப்பியக் கடன் கொடுத்தோருக்கெனத் தனி நிதியகம் அமைந்தது. 1882-இல் பிரிட்டிஷ் படை இறங்கியது. உஸ்மானியப் பேரரசின் வருவாய்த் துறைகளில் பலவற்றை 1881 முதல் கடன் கொடுத்தோரின் நிர்வாகமே வசூலித்தது. ஆற்காட்டில் தன்க்வா செய்ததை அங்கே நிதியகங்கள் செய்தன.

நான்கு ஹஜ்ஜுப் பருவங்கள்

இனி நேர்மாறான வரலாற்றுக்கு வருவோம். சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவரான ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஹிஜ்ரி 36-இல் (கி.பி. 656) ஜமல் போரின்போது ஷஹீதானார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கடன் இருபத்திரண்டு லட்சம் திர்ஹம் என்று ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. ஆடம்பரத்தால் வந்த கடன் அன்று அது. மக்கள் அவர்களிடம் பொருளை அமானிதமாக ஒப்படைக்க வருவார்கள். அமானிதம் கவனக்குறைவின்றித் தொலைந்துபோனால் ஈடு கேட்க முடியாது. கடனாக இருந்தால் எந்நிலையிலும் திருப்பித் தந்தாக வேண்டும். கொடுத்தவர் இழந்துவிடக் கூடாதே என்பதற்காக அவர்கள் அதனைக் கடனாகவே பெற்றுக்கொள்வார்கள்.

போர் நாளன்று தம் மகன் அப்துல்லாஹ்விடம், தம் சொத்தை விற்றுக் கடனை அடைக்குமாறும், இயலாமற் போனால் தம் எஜமானனிடம் உதவி தேடுமாறும் சொன்னார்கள். எஜமானன் யார் என்று மகனார் கேட்டபோது, அல்லாஹ் என்றார்கள். ரொக்கம் ஏதும் இல்லை. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று, அத்துடன் ஃகாபா என்னும் நிலமும் இருந்தன. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கிய அந்நிலத்தை மகனார் பதினாறு லட்சத்துக்குப் பங்குகளாக விற்றார்கள். நான்கு லட்சம் வர வேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி), விரும்பினால் விட்டுத் தருகிறேன் என்றபோதும் மகனார் அதை ஏற்கவில்லை.

தெரிந்த கடன்கள் யாவும் அடைந்த பின், வாரிசுகள் சொத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். அப்துல்லாஹ் (ரலி) மறுத்தார்கள். ஸுபைரிடம் கடன் வர வேண்டியவர் எவரேனும் இருந்தால் எம்மிடம் வரட்டும் என்று ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பருவத்தில் அறிவிக்கச் செய்தார்கள். இவ்வாறு நான்கு ஆண்டுகள் அறிவித்த பின்னரே சொத்தைப் பங்கிட்டார்கள்.

நவாபின் இல்லத்தில் பழங்கடன் தேடிக்கொண்டு வந்தது. இந்த இல்லத்தில் பழங்கடனைத் தேடிச் சென்றார்கள். அங்கே அடுத்தவர் விளைச்சல் ஈடாயிற்று. இங்கே சொந்த நிலம் விலையாயிற்று. மேலும், தேடுதலுக்கும் ஓர் எல்லை வைக்கப்பட்டது. நான்கு பருவங்கள் முடிந்ததும் வாரிசுகளின் உரிமையும் நிறைவேற்றப்பட்டது. கேட்டு வராத கடனுக்காக வாரிசுகளை முடிவின்றிக் காத்திருக்க வைப்பதும் முறையன்று என்பதற்கு இது சான்றாகும்.

காலமும் சான்றும்

காலம் கடந்தால் கடன் மறைந்துவிடுமா? நம் ஃபிக்ஹ் மரபின் விடை தெளிவானது. காலம் கடப்பதால் உரிமை அழியாது; ஆனால் நெடுங்காலம் வாளாவிருந்தவரின் வழக்கைக் காளி விசாரிக்க வேண்டியதில்லை என்று ஆட்சியாளர் வரையறுக்கலாம். 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட உஸ்மானியர்களின் மஜல்லா, கடன் போன்ற பொது வழக்குகளுக்குப் பதினைந்தாண்டு எல்லை வகுத்தது. கடன்பட்டவரே நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டால் அவ்வெல்லை குறுக்கே நிற்காது என்றும் அது கூறியது. கதவு மனிதர்களின் நீதிமன்றத்துக்கு மட்டுமே அடைக்கப்படுகிறது.

இந்தியச் சட்டமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. 1859-இல் தொடங்கிய காலவரையறைச் சட்டத்தின் இன்றைய வடிவம் 1963-ஆம் ஆண்டினது. சாதாரணக் கைக்கடனுக்கு அது தரும் காலம் மூன்றாண்டு. காலம் கடந்த கடனுக்கு வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் கடன் இல்லையென்று ஆகிவிடாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, அத்தகைய கடனைக் கொடுப்பதாக எழுதிக் கையொப்பமிட்டால் அந்த வாக்குறுதி புதிதாகச் செல்லுபடியாகும். இதனால்தான் வசூலுக்கு வருவோர் சிலர், "ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று கேட்கின்றனர். நவாப் எழுதிக்கொடுத்த பத்திரங்களை வாசகர்கள் இங்கு நினைவுகூர வேண்டும்.

சான்று உறுதியாக இருந்தால் எத்துணைப் பழைய கடனும் சச்சரவின்றித் தீரும். நெதர்லாந்தில் ஓர் ஆற்றங்கரைப் பராமரிப்புக் கழகம் 1648-இல் ஆட்டுத்தோலில் ஆயிரம் கில்டருக்கு எழுதிக் கொடுத்த முடிவிலாக் கடன்பத்திரம் ஒன்றை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2003-இல் வாங்கியது. 2015-இல் அதன் அலுவலர் அதைக் கொண்டுசென்று காட்டினார். அக்கழகத்தின் கடமைகளை ஏற்றுள்ள நீர்வாரியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குரிய 136.20 யூரோவைக் கொடுத்தது. அது வட்டி, நமக்கு விலக்கப்பட்டது. எனினும், 367 ஆண்டுகளுக்குப் பின்னும் எழுத்து பேசியது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமாகும். திருமறையின் மிக நீண்ட வசனமான 2:282, கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கூறுவதன் பேருண்மை இதுவே. உரிமை கோருபவர் மீதே சான்று கடமை என்னும் நபிகளாரின் (ஸல்) நெறியும் இதனை ஒட்டியதே.

மாணவருக்குச் சொன்னவை

நாம் அவருக்கு ஐந்து செய்திகள் சொன்னோம். அச்சத்தில் பணம் கொடுக்க வேண்டாம்; எதிலும் கையொப்பமிடவும் வேண்டாம். அத்தா கையொப்பமிட்ட பத்திரத்தின் நகலையும், கட்டியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்ற கணக்கையும் எழுத்தில் கேட்கவேண்டும். அவர்களிடம் கேட்பதைப் போலவே வீட்டிலும் தேடவேண்டும். அத்தாவின் கைப்பட எழுதிய எதுவும் அவர்களுடைய தாளைவிட வலுவான சாட்சி. தெரியவருவதில் அசல் மட்டுமே கடன். அநீதி செய்யவும் வேண்டாம், அநீதிக்கு ஆளாகவும் வேண்டாம் என்பதே 2:279 காட்டும் வழி. வாரிசின் கடமை தந்தை விட்டுச் சென்ற சொத்தின் அளவோடு நிற்கும். ஷரீஅத்திலும் அப்படித்தான், நாட்டுச் சட்டத்திலும் அப்படித்தான். அதற்கு மேல் மகன் கொடுத்தால் அது அவருடைய நன்மை, கடமையன்று. தங்கையின் திருமணப் பணம் தந்தையின் சொத்து அன்று, மகனின் உழைப்பு.

ரமளான் கழிந்து அவர் மீண்டும் வந்தார். பைனான்ஸிலிருந்து புரோநோட்டின் நகல் வந்ததாம், கையொப்பம் அத்தாவுடையதுதான். கணக்கு மட்டும் வரவில்லை. இரண்டு முறை கேட்டதற்கு இரண்டு வேறு தொகைகள் சொன்னார்கள். வீட்டில் பரண்மேல் அத்தாவின் பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. இருபத்து நான்கு தவணைகளில் பத்தொன்பது கட்டியதாகத் தேதியோடு எழுதியிருந்தார். பிறகு 2005-இல் ஒரு தேதிக்கு எதிரே மருத்துவமனை என்ற ஒரு சொல். அதோடு அந்தக் கணக்கு நின்றுவிட்டது.

ஐந்து தவணைகளின் அசல் ஆறாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். அதை எடுத்துக்கொண்டு அவர் நேரில் சென்றார். முதலில் வாங்க மறுத்தார்களாம். நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, வேறு கணக்கு இருந்தால் காட்டுங்கள் என்றபின் வாங்கிக்கொண்டு, கணக்கு முழுவதும் முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், பழமண்டிக்காரர் ஒருவருக்கு நாலாயிரம் ரூபாய் பாக்கி என்றும் அத்தா எழுதி வைத்திருந்தார். அதை இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. மண்டிக்காரரும் இறந்துவிட்டார். மாணவர் அவருடைய மகனைத் தேடிப் பிடித்து அத்தொகையை ஒப்படைத்திருக்கிறார். பின்பு தம் மஹல்லாப் பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆவில், தம் அத்தாவிடம் கொடுக்கல் வாங்கல் இருந்தவர்கள் அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் தம்மிடம் வரலாம் என்று அறிவிக்கச் செய்திருக்கிறார்.

"யாராவது வந்தார்களா?" என்று கேட்டோம்.

"ஒருவர் வந்தார், ஹஜ்ரத். அத்தாவுக்கு அவர் தர வேண்டிய எழுநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார்."